பயிற்சியாளரும் ஒரு மாணவரே!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விளையாட்டு வீரர்களை உருவாக்கும் பயிற்சியாளர்களுக்கு நடுவண் அரசு வழங்கும் விருதின் பெயர் என்ன என்று கேட்டால், வினாடி வினாப் போட்டிக்குப் போய் வந்த எந்த மாணவரும் 'துரோணாச்சாரியார் விருது' என்று உடனே விடை கூறிவிடுவார். 1985-ஆம் ஆண்டு தொடங்கிய விருது அது. விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் வேறொரு வினா எழுகிறது. துரோணர் யார்? அருச்சுனனை ஒப்பற்ற வில்லாளன் ஆக்கியவர். மெய்தான். ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டு வாங்கியவரும் அவரே அன்றோ? காட்டிலே மண்ணால் ஓர் உருவம் செய்து வைத்து, அதன்முன் தனக்குத் தானே பயின்று கொண்ட வேடர் குல இளைஞனிடம், தாம் கற்பிக்காத கல்விக்குக் காணிக்கை கேட்டவர்! அவர் பெயரால்தான் நாம் பயிற்சியாளர்களைப் பாராட்டுகிறோம்.

விருதின் பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பது என் நோக்கமன்று. அது பெரியவர்கள் பாடு. துரோணர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதே எனக்கு வேண்டிய செய்தி. அருச்சுனனை விஞ்சிய வில்லாளன் உலகில் இருக்கமாட்டான் என்று அவர் முன்பே வாக்களித்திருந்தார் என்கிறது பாரதக் கதை. எதிரே நிற்பவனோ, தம் நேர்ப் பார்வைகூடப் படாமல், தம்மிடம் பயின்றவர்களையெல்லாம் மிஞ்சிவிட்டவன். அந்த இடத்தில் ஓர் ஆசிரியர், "இவன் எப்படிக் கற்றான்? நானும் தெரிந்துகொள்கிறேனே!" என்று வியந்திருக்கலாம். வியந்திருந்தால் அவருடைய வித்தையும் ஒரு படி உயர்ந்திருக்கும். அவர் கேட்டதோ விரலை! கற்பிப்பவர் தாம் கற்பதை நிறுத்திக்கொண்டால், மாணவனின் திறமை அவருக்கு மகிழ்ச்சியைத் தருவதில்லை; அச்சத்தைத் தருகிறது என்பது என் துணிபு.

வீரனின் வளர்ச்சியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முட்டை வேண்டும், பால் வேண்டும், நல்ல காலணி வேண்டும், மைதானம் வேண்டும் என்கிறோம். எல்லாம் வேண்டியவையே. ஆனால் பயிற்சியாளர் வளர்கிறாரா என்று எவரும் கேட்பதில்லை. கழுத்தில் விசில் ஏறிய நாளோடு அவருடைய படிப்பு முடிந்துவிட்டதாக நாமும் நினைக்கிறோம். பல வேளைகளில் அவரும் நினைக்கிறார்.

இதைப் பேச இவள் யார் என்று கேட்பீர்கள். நான் 800 மீட்டர் ஓடுகிறவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. மாவட்டப் போட்டிக்கும் மண்டலப் போட்டிக்கும் உள்ள வேறுபாடு இன்றுவரை அவருக்குத் தெரியாது. 'ஓடினால் காலேஜில் சீட்டு கிடைக்கும்' என்று எங்கள் ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என்னை அரைக்கால் சட்டையோடு மைதானத்துக்கு அனுப்பினார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பயிற்சியாளர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் அழைத்துப் போக அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு மைதானத்தில் தாயும் தந்தையும் வழிகாட்டியும் அந்த ஒருவரே. அவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டால் நாங்களும் நின்றுவிடுகிறோம். ஆகவேதான் இதைப் பேசும் உரிமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் கல்லூரி அணிகளில் ஆடும் தோழர் தோழியரில் பலர் பட்டம் பெற்றதும் உடற்கல்வியியல் படிக்கப் போகிறார்கள். 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பவர்கள் என் வகுப்பிலேயே இருவர். நாளை விசில் அவர்கள் கழுத்தில். ஆதலால் இது எவர் மீதும் குறை கூறும் கட்டுரையன்று. வரப்போகிறவர்களோடு பேசும் பேச்சு.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் என்ன தண்டனை? மைதானத்தைச் சுற்றி நான்கு ரவுண்டு. பந்தைத் தவறவிட்டால்? இரண்டு ரவுண்டு. சிரித்தால்? பத்துத் தோப்புக்கரணம். ஓட்டத்தை விரும்ப வேண்டிய பிள்ளைக்கு ஓட்டத்தையே தண்டனையாகக் கொடுக்கிறோம்! கணக்கு ஆசிரியர் தவறு செய்த மாணவனுக்குத் தண்டனையாகப் பத்துக் கணக்குக் கொடுத்தால் அவனுக்குக் கணக்கின் மீது காதல் பிறக்குமா? பள்ளி நாட்களில் என்னோடு ஓடிய ஒருத்தி, என்னைவிட விரைவாக ஓடுகிறவள், பயிற்சி தந்தவரின் விசில் கயிற்றடி வாங்கிய மறுநாளிலிருந்து மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவளுக்குத் திருமணமாகி இப்போது ஒரு குழந்தை. மைதானத்தில் அவள் இடம் காலியானது. அந்த இடத்தில் நான் ஓடினேன். அடித்தவர் கெட்டவர் அல்லர். அவருடைய பயிற்சியாளர் அவரை அப்படித்தான் அடித்திருப்பார். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி ஒன்றே அவர் கற்ற உளவியல்.

இதற்கு மாறாக ஒரு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவில் ஜான் வுடன் என்றொரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணிக்கு 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்னும் இரண்டு உளவியல் அறிஞர்கள் அவருடைய பயிற்சியின்போது ஓரமாக உட்கார்ந்து, அவர் வாய் திறந்து சொன்ன ஒவ்வொன்றையும் குறித்துக் கொண்டார்கள். இத்தனை கோப்பை வென்றவர் வீராவேசமாக முழங்குவார், அல்லது தட்டிக் கொடுத்துப் புகழ்வார் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அவர் பேசியதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெறும் செய்முறை விளக்கம்! 'காலை இப்படி வை, பந்தை இந்த உயரத்தில் பிடி, இப்போது மறுபடி செய்.' புகழ்ச்சி நூற்றுக்கு ஏழு பங்கு அளவில்தான் இருந்ததாம். கடிந்துரையும் ஏறக்குறைய அவ்வளவே. நாங்கள் மைதானத்தில் கேட்ட பேச்சை இப்படி எவராவது எண்ணியிருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 'ஓடு ஓடு', 'சோறுதானே தின்கிறாய்?' ஆகிய இரண்டுமே பட்டியலை நிரப்பியிருக்கும்!

வுடனைப் பற்றி இன்னொரு செய்திதான் என்னை அதிகம் கவர்ந்தது. அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தது 1948-இல். முதல் தேசியக் கோப்பை 1964-இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டுப் பருவம் முடிந்ததும் அவர் ஆட்டத்தின் ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிப்பார், அதில் தேர்ந்த பிற பயிற்சியாளர்களைக் கேட்பார், குறிப்பெழுதி வைப்பார். தேர்வு எழுதும் நமக்குக் கோடை விடுமுறை. கோப்பை வென்ற அவருக்குக் கோடையில்தான் பாடம்!

என் பந்தயமான நடுத்தூர ஓட்டத்துக்கு வருகிறேன். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்பவர் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். ரக்பி ஆடியவர், தம்மை நல்ல உடற்கட்டு உள்ளவர் என்றே நம்பியிருந்தார். ஒருநாள் தம்மைவிட மூத்த நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடிப் பார்த்தபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததாம். வேறொருவராக இருந்தால் 'அன்றைக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லி மழுப்பியிருப்பார். லிடியார்ட் தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். குறைந்த தூரம் ஓடினார். மிக நெடுந்தூரம் ஓடினார். எந்த அளவில் உடல் தேறுகிறது, எந்த அளவில் தேய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தம் மீதே சோதித்தார். வாரத்துக்கு 100 மைல் என்ற கணக்கு அப்படி வந்தது. எந்த ஏட்டிலும் இல்லாத கணக்கு. அதன் பிறகுதான் அக்கம்பக்கத்து இளைஞர்கள் அவரோடு ஓடத் தொடங்கினார்கள். அரை மைல் ஓடுகிறவனும் ஞாயிற்றுக்கிழமையில் 22 மைல் மலைப்பாதையில் ஓட வேண்டும் என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் நகைத்தார்கள். அவர் சொன்னார் என்பதைவிட அவரும் கூடவே ஓடினார் என்பதுதான் அந்த இளைஞர்களை நம்ப வைத்தது.

1960 செப்டம்பர் 2. ரோம் ஒலிம்பிக். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே மாலையில், சிறிது நேரத்துக்கெல்லாம், இளமையில் ரக்பி ஆட்டத்தில் இடது கை செயலிழந்துபோன மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். சில நாட்கள் கழித்து மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார். ஒரு சிறு நாட்டின் ஒரே நகரத்திலிருந்து போன அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்! வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும்போது வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அந்த வரிசையில் வலியறிதல் முதலில் நிற்பதன் பொருள் லிடியார்ட் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. ஹால்பெர்கின் செயலிழந்த கையைப் பார்த்த கண்களுக்கு அவருடைய கால்களும் தெரிந்தன அல்லவா?

லிடியார்டின் புகழ் கடல் கடந்தது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்ட வீரர்களைப் பயிற்றுவித்த பில் பௌவர்மன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் நியூசிலாந்துக்கு வந்தார். அப்போதே பெரும் பெயர் பெற்ற பயிற்சியாளர் அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. லிடியார்ட் அவரை ஊர் மக்கள் மெதுவோட்டம் ஓடும் ஒரு கூட்டத்தோடு ஓட அழைத்தார். பெரிய பயிற்சியாளர் சிறிது தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக மெல்ல ஓடிவந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவர். இதய நோய் கண்டு தேறியவர்! பௌவர்மன் இதை மறைக்கவில்லை. தங்கியிருந்த வாரங்களில் நாள்தோறும் ஓடிப் பழகினார். ஊர் திரும்பியதும் தம் நகர மக்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். ஓர் இதய மருத்துவரைத் துணை சேர்த்துக்கொண்டு மெதுவோட்டத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஐம்பது வயதில், தம் துறையிலேயே, ஒரு கிழவரிடம் தோற்றதை வெளியே சொல்லும் மனம் எத்தனை பேருக்கு வரும்? பயிற்சியாளரின் மனவளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். அதற்கு இதைவிடப் பெரிய பெயர்கள் எனக்குத் தெரியாது.

"நாங்கள் பெரிய வீரராக இருந்ததில்லையே, எப்படிப் பயிற்சியளிப்பது?" என்று தயங்குகிற தோழர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். கால்ம் ஓ'கானல் என்னும் அயர்லாந்துத் துறவி. 1976-இல் கென்யாவில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்திலுள்ள இட்டேன் என்ற சிற்றூருக்கு, புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கப் போனார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன் அனுபவம் எதுவும் கிடையாது. அங்கே பயிற்சியை நடத்திக் கொண்டிருந்தவர் ஊர் திரும்பியதால் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தெரிந்தது போல் நடிக்க அவரால் முடியாது. ஆகவே பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் எப்படிக் காலூன்றுகிறார்கள், எந்த வேகத்தில் தோள் இறுகுகிறது, எவன் எப்போது சோர்கிறான் என்று மைதான ஓரத்தில் நின்று பார்த்தார், அவர்களையே கேட்டார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988-இல் சோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த ஓட்டத்தின் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தொடக்கம் முதல் முடிவு வரை முன்னால் யாருமே இல்லை! விடுதியில் என் அறைத் தோழிக்கு அந்த வருணனையாளர் பேச்சு முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது, பாவம்.

நம் பக்கத்துக்கு வருவோம். கேரளத்தின் பய்யோலியைச் சேர்ந்த பி. டி. உஷாவை உருவாக்கியவர் ஓ. எம். நம்பியார். விமானப் படையில் பணியாற்றியவர். பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயின்றவர். 1985-இல் துரோணாச்சாரியார் விருதை முதன்முதலாகப் பெற்ற மூவரில் ஒருவர். உஷா 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றவர். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984-இல். குறுந்தூர ஓட்டத்தில் பெயர் பெற்ற மாணவியை, ஒலிம்பிக்குக்கே புதிதான ஒரு பந்தயத்துக்குத் திருப்பினார் நம்பியார். பத்துத் தடைகள்; ஒவ்வொன்றுக்கும் இடையே 35 மீட்டர்; அதை எத்தனை எட்டில் கடப்பது என்ற கணக்கு. தெரிந்ததை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து புதிதாகப் பாடம் படித்தார்கள் என்றே இதை நான் பார்க்கிறேன். லாஸ் ஏஞ்சலிசில் உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. நூற்றில் ஒரு விநாடி என்பது எவ்வளவு தூரம்? இயற்பியல் மாணவி என்பதால் கணக்கிட்டுப் பார்த்தேன். 400 மீட்டரை 55.42-ஆல் வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு 7 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு கட்டை விரல் நீளம்!

அந்த உஷா பின்னர் தாமே பயிற்சியாளரானார். 2002-இல் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரில் இந்திய தேசிய சாதனை படைத்தார். உஷா தாம் புகழ் பெற்ற பந்தயங்களிலேயே மாணவியைப் பிடித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் கதை இன்னும் கடினமானது. 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனை என்ற பெயரால் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் மைதானத்தையே வெறுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ சிறார்களுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தார். பின்னர் மறுபடியும் மாணவியாகி, பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். தமக்கு நேர்ந்த கசப்பை மாணவர் தலையில் இறக்கி வைக்கும் பயிற்சியாளர்களையே அதிகம் கண்ட எனக்கு, இவரைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது.

மாணவரை விட்டுக்கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் குண்டு எறியும் மாணவன் ஒருவனுக்கு விளையாட்டு விடுதியில் சேர வாய்ப்பு வந்தது. அங்கே போனால் அவன் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு பயிற்சியாளரின் பெயர் வந்துவிடுமே! 'இங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவனை நிறுத்தி வைத்தார் ஒருவர். கல்வெட்டில் தம் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் அவன் வளர்ந்த அளவுக்கு அவர் வளரவில்லை. குண்டைச் சுழன்று எறியும் முறையைக் கற்றுத் தர அவருக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகள் அவன் பழைய முறையிலேயே எறிந்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இது எந்த விரலைக் கேட்டதில் சேர்த்தி?

சிலர் எதிர்வாதம் செய்வார்கள், நியாயமும் உண்டு. எழுநூறு பிள்ளைகளுக்கு ஒரே உடற்பயிற்சி ஆசிரியர். தேர்தல் பணி, பிரார்த்தனைக் கூட்டம், சைக்கிள் வழங்கும் பட்டியல், சுதந்திர தின அணிவகுப்பு எல்லாம் அவர் தலையில். கிடைக்கும் ஒரு பி.டி. பீரியடையும் 'சிலபஸ் முடியவில்லை' என்று கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கடன் வாங்கிக் கொள்கிறார். அந்தக் கடன் திரும்பியதாக வரலாறு இல்லை. இந்த நிலையில் அவர் எப்போது படிப்பார், எப்போது வளர்வார்? உண்மைதான். அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் நான் சொன்னவர்களில் காலணித் தொழிலாளியும் புவியியல் ஆசிரியரும் இருக்கிறார்கள். அவர்கள் தொடங்கும்போது கையில் இருந்தவை ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும்தாம்.

கடிகாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மைதானத்தில் 'போன வாரத்தைவிட ஒரு பத்தில் ஒரு பங்கு விநாடி குறைந்துவிட்டாயே' என்று திட்டு வாங்காதவர் நம்மில் உண்டா? காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 100 மீட்டர் பந்தயத்தில் முடிவுக் கோட்டில் நிற்பவர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினால், சத்தம் அவரை அடைவதற்கே ஏறத்தாழ 0.29 விநாடி ஆகிவிடும். புகையைப் பார்த்து அழுத்தினாலும் கண்டதும் விரல் அசைவதற்குச் சிறிது நேரம் வேண்டும். இதனால்தான் குறுந்தூர ஓட்டங்களில் கையால் எடுத்த நேரத்தோடு 0.24 விநாடி கூட்டி மின்னணு நேரத்துடன் ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. ஆக, பத்தில் ஒரு பங்கு விநாடிக்காக மாணவியைத் திட்டுகிறவர் உண்மையில் தம் கட்டை விரலைத் திட்டிக் கொள்கிறார்! இதை ஒரு பயிற்சியாளர் அறிந்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சம்!

கண்ணீர் என்றேன், பெண்கள் பக்கத்து உண்மை ஒன்றையும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தவள் மூச்சு வாங்கிக் கடைசி 200 மீட்டரில் பின்தங்கினால் அதற்குச் 'சோம்பல்' என்று பெயர். மாதத்தில் மூன்று நாள் வயிற்று வலியோடு ஓடுகிறவளுக்கு 'மனத்திடம் இல்லை' என்று முத்திரை. மனத்திடம் வேண்டும்தான். அதற்குமுன் அவளுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படும் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன்; ஆனால் கேட்பதற்கு ஒரு பெண் விரிவுரையாளரைத் துணைக்கு அழைத்துக் கொள்வதில் என்ன கூச்சம்?

நம் கல்லூரியிலேயே இதற்கு வழி இருக்கிறது. விலங்கியல் துறையில் உடலியல் பாடம் நடக்கிறது. தசை எப்படிச் சோர்கிறது, எவ்வளவு ஓய்வில் மீள்கிறது என்பதெல்லாம் அங்கே கரும்பலகையில் எழுதப்படுகிறது. இரண்டு சுவர் தள்ளி விளையாட்டு அறை. இடையில் உள்ள வராந்தாவை யாரும் கடப்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, விலங்கியல் பேராசிரியர்கள் எங்கள் அணிகளோடும் உடற்கல்வி இயக்குநரோடும் அமர்ந்து பேசலாம். ஆட்ட நுணுக்கம் தெரிந்த மூத்த மாணவர்கள் அங்கே கேள்வி கேட்கலாம். இயக்குநர் அவர்களும் கேட்கலாம். எங்கள் துறையின் பங்குக்கு, ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர்களின் கைப்பிழை எவ்வளவு என்று அளந்து தர நானும் என் வகுப்புத் தோழியர் மூவரும் அணியமாக இருக்கிறோம். அளப்பதற்குத் தேவையானது ஒரு விளக்கு, ஒரு மின்விசை, நம் ஆய்வுக்கூடத்திலுள்ள மின்னணுக் கடிகாரம் ஆகியவையே. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் சனிக்கிழமை நான்கு மணி வரை இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.